அதியமானின் குதிரைக்கு நெல்லிக்கனி எதற்கு?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். 'எல்லா உயிரும் ஒரே குடும்பம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கருணை, அன்பு என்று உபதேசம் செய்யப்போகிறேன் என நினைத்து வானொலியை அணைத்துவிடாதீர்கள். நான் விலங்கியல் வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகும் வகுப்பெடுக்கும் புத்தி போகவில்லை. பங்காளி என்று வந்து நிற்பவனிடம் பத்திரம் கேட்பதுதானே நம் ஊர் வழக்கம்? அந்தப் பத்திரத்தைத்தான் இன்று காட்டப்போகிறேன்.

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைத் தகடூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெல்லியில் வைட்டமின் சி நிறைந்திருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். அது கிடைக்காவிட்டால் ஈறு வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிய புண்கூடத் திறந்துகொள்ளும். அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கடலில் போன மாலுமிகள் இந்த நோயில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் சில நோயாளிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் மளமளவென்று தேறினார்கள்.

இப்போது உங்கள் வீட்டு வெள்ளாட்டைப் பாருங்கள். சித்திரை வெயிலில் பென்னாகரம் பக்கத்துக் கரட்டில் அதற்கு என்ன கிடைக்கிறது? உதிர்ந்த வேலங்காய், காய்ந்த சருகு, சுவரொட்டியின் ஓரம். அதற்கு ஈறு வீங்கிப் பார்த்திருக்கிறீர்களா? ஆட்டின் கல்லீரல் சர்க்கரையிலிருந்து வைட்டமின் சியைத் தானே செய்துகொள்கிறது. மாடும் அப்படித்தான், நாயும் அப்படித்தான். அதியமான் அந்தக் கனியைத் தன் குதிரைக்குக் கொடுத்திருந்தால் வீணாகத்தான் போயிருக்கும்.

நம்மால் ஏன் முடியவில்லை? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்வதற்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. பல துண்டுகள் காணாமல் போய், ஒன்றுக்கும் உதவாமல், நம் எட்டாவது குரோமோசோமில் இருக்கிறது. 1994-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். ஒகேனக்கல்லில் உங்கள் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறதே குரங்கு, அதனாலும் வைட்டமின் சி செய்ய முடியாது. சிம்பன்சியாலும் முடியாது. குரங்கினத்தில் அந்த மரபணு உடைந்திருக்கும் பாங்கும் நம்முடையதும் ஒத்துப்போகின்றன.

ஓலைச்சுவடியை நினைத்துப் பாருங்கள். அதியமானைப் பாடிய புறநானூறு 1894-இல் உ.வே.சாமிநாதையரால் அச்சேறும் வரை ஏட்டிலிருந்து ஏட்டுக்குக் கையால் படியெடுத்துத்தான் நம்மிடம் வந்தது. இரண்டு ஏடுகளில் ஒரே வரி, ஒரே இடத்தில், ஒரே மாதிரி சிதைந்திருந்தால் என்ன சொல்வீர்கள்? சரியாக எழுதியவை ஒத்திருப்பதில் அதிசயம் இல்லை. பிழை ஒத்திருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதியவை. நமக்கும் குரங்குக்கும் அந்த மூல ஏடு ஏறக்குறைய ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு முன்னோர்.

'குரங்கிலிருந்து மனிதன் வந்தால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?' என்று கேட்காத வகுப்பே கிடையாது. ஐயா, குரங்கு உங்கள் தாத்தா அல்ல, பங்காளி. தாத்தா போய் எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. தேவாங்கு இருக்கிறதே, அது நமக்கெல்லாம் முன்பே பாகம் பிரித்துக்கொண்டு போனது. அதன் வகையறாவில் அந்த மரபணு இன்னும் வேலை செய்கிறது! கினிப்பன்றியாலும் வைட்டமின் சி செய்ய முடியாது என்று சிலர் மடக்குவார்கள். உண்மைதான். ஆனால் அதில் மரபணு உடைந்திருக்கும் பாங்கு வேறு. அது தனியாகக் கெட்டது. கெட்டுப்போனதிலும் குடும்பம் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலைக் காட்டுகிறார்கள். ஆட்டுக்காலையும் வௌவால் சிறகையும் பற்றிச் சொல்ல நினைத்ததை விட்டுவிடுகிறேன்.

இன்சுலினை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சர்க்கரை நோய் இல்லாத தெரு இன்று இல்லை. முன்பெல்லாம் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுத்தார்கள். இன்சுலின் என்பது அமினோ அமிலம் என்ற மணிகளைக் கோத்த மாலை மாதிரி. அந்த 51 அமினோ அமிலங்களில் பன்றியுடையது நம்முடையதிலிருந்து ஒன்றில்தான் மாறுபடும், மாட்டுடையது மூன்றில். 1978-இல் அமெரிக்காவில், மனித இன்சுலினுக்கான மரபணுவைச் செய்து ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். நம் குடலில் வாழ்கிற அதே இனம்தான். அது நம் மரபணுவைத் தடுமாறாமல் படித்து, மனித இன்சுலினைச் செய்துகொடுத்தது. 1982-இல் மருந்தாகவும் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கும் நமக்கும் மரபணுவை எழுதும் எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

கிருஷ்ணகிரி மாமரத்துக்காக எழுதி வந்த இரண்டு பக்கம் அப்படியே கையில் இருக்கிறது. அதன் இலையிலும் எழுதியிருப்பது அதே எழுத்தில்தான். நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.