கிணற்றுப் பங்கும் தோய்ப்பறைத் திறப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்து விறாந்தைகளில் தவறாமல் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்தவர் கதிரையில் சாய்ந்தபடி, "அங்கை எல்லாம் ஒழுங்கு, இஞ்சத்தையச் சனம் ஒருநாளும் திருந்தாது" என்பார். அவர் படலையைத் தாண்டியதும் வீட்டுக்காரர், "அங்கை பக்கத்து வீட்டுக்காரன் செத்தாலும் தெரியாது, அதுவும் ஒரு சீவியமோ" என்பார். இருவர் பேச்சிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் இருவரும் விடும் பிழை ஒன்றே: ஒரு நாட்டில் உள்ள ஏற்பாட்டைக் கண்டுவிட்டு, அதற்கு அந்நாட்டு மக்களின் குணம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். முப்பது வருடம் புவியியல் படிப்பித்த நானும் அந்தப் பிழையை விட்டவன்தான்.

சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகருக்கு அண்மையில் என் மகள் குடியிருக்கும் தொடர்மாடியில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். எட்டு வீடுகளுக்கும் சேர்த்து நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் ஒன்றே இருந்தது. சுவரில் ஓர் அட்டவணை. யாருக்கு எந்த நாள் என்பது அதில் எழுதப்பட்டிருந்தது. அறையின் திறப்பு அன்றைய முறைக்காரரிடம் இருக்கும். அவர் தோய்த்து முடித்ததும் இயந்திரத்தின் றப்பர் விளிம்பைத் துடைத்து, வடியில் சேர்ந்த பஞ்சை எடுத்து, நிலத்தையும் துடைத்துவிட்டு, அடுத்தவரின் தபாற்பெட்டியில் திறப்பைப் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை எவரும் தோய்ப்பதில்லை. இதொன்றும் அறியாத நான், கதவு திறந்து கிடந்த ஒரு காலைப்பொழுதில் என் வேட்டிகள் இரண்டைக் கொண்டுபோய் இயந்திரத்துள் போட்டேன். மூன்றாம் மாடியில் வசிக்கும் வயதான அம்மையார் இறங்கி வந்தார். கோபிக்கவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. அட்டவணையில் இருந்த தன் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு நான் வேட்டிகளை எடுக்கும்வரை அப்படியே நின்றார். இரண்டு வேட்டிக்குக்கூட இடம்கொடுக்க மனமில்லாத சனம் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டேன்.

நித்திரை வராமல் புரண்டபோதுதான் வலிகாமத்தில் இருந்த எங்கள் தோட்டக் கிணறு நினைவுக்கு வந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத, சுண்ணாம்புக் கல்லுக்கடியில் சேரும் மழைநீரையே நம்பியிருக்கும் எங்கள் குடாநாட்டில், காணி உறுதிகளில் நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பதை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். எங்கள் கிணற்றில் ஐந்து குடும்பங்களுக்குப் பங்கு இருந்தது. விடியுமுன் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். யாருடைய முறை எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும் என்ற அட்டவணை எந்தச் சுவரிலும் இருக்கவில்லை. ஆனால் சிறுவரான எங்களுக்கும் அது பாடம். முறை கடந்து அரை மணி நேரம் இறைத்துவிட்டால் அது பரம்பரைப் பகையாகும். ஆகவே, பலருக்கும் வேண்டிய பொருள் ஒன்று குறைவாக இருந்து, அதைப் பங்கிட்டே தீரவேண்டும் என்ற நிலை வந்தால், பேர்ணிலும் ஒழுங்கு பிறக்கும், வலிகாமத்திலும் பிறக்கும். வீட்டுக்கு வீடு குழாய்க்கிணறும் மோட்டரும் வந்தபின் எங்கள் முறை குலைந்தது, முறைக்கு அவசியம் குறைந்ததனால்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. அந்தக் கிணற்றடியில் எல்லாருக்கும் இடமிருக்கவில்லை. வேறொருவர் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு தள்ளி நிற்கவேண்டியிருந்த பெண்களை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். தண்ணீர்த் தட்டுப்பாடு அதற்குக் காரணமல்ல. அவர்கள் எந்தச் சாதி என்பதே காரணம். ஏற்பாடு மாறியபின்னும் மாறாதிருக்கும் மனப்பான்மைகள் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கிணறே இல்லாத ஊர்களுக்குப் போய்க் குடியேறிய எங்கள் சனமும், கலியாணப் பேச்சு என்று வந்தவுடன் இதையெல்லாம் விசாரிக்கத்தான் செய்கிறது.

மற்றபடி, குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ஏற்பாடே என்ற என் எண்ணத்தை 2022 ஆம் ஆண்டு உறுதிப்படுத்தியது. எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய அந்த ஆண்டின் முற்பகுதியில் பெற்றோல் நிரப்பு நிலையங்களில் நடந்தவற்றை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். இரவிரவாக வரிசை, வரிசைக்குள் குறுக்கு வரிசை, தெரிந்தவருக்குப் பின்பக்கத்தால் கான், கைகலப்பு. "எங்கடை சனத்தின் புத்தி இவ்வளவுதான்" என்று அப்போது பேசிக்கொண்டோம். பின்னர் கியூஆர் குறியீட்டு முறை வந்து, வாகனத்துக்கு இவ்வளவு என்று வாராந்த அளவு நிச்சயமானதும், அதே நிலையத்தில் அதே சனம் சில வாரங்களில் சத்தமின்றி நிரப்பிக்கொண்டு போனது. அந்தச் சில வாரங்களில் ஓர் இனத்தின் புத்தி மாறிவிடுமா?

நேரந்தவறாமையும் இப்படித்தான். சுவிற்சர்லாந்தில் 1982 முதல் பெரும்பாலான வழித்தடங்களில் ஒவ்வொரு மணியிலும் ஒரே நிமிடத்தில் புகையிரதம் புறப்படும்படி நாடளாவிய நேரசூசி நடைமுறையில் உள்ளது. ஒரு நிலையத்தில் இறங்கியவருக்கு அடுத்த வண்டி சில நிமிடங்களில் காத்திருக்கும். அவ்வாறான ஊரில் இரண்டு நிமிடம் பிந்தினால் என்ன நட்டம் என்பதைக் குழந்தையும் அறியும். இங்கோ, 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி புகையிரதம் போரினால் 1990 இல் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்தி, மீண்டும் வந்து சேர்ந்தது 2014 இல். இடைப்பட்ட இருபத்து நான்கு வருடமும் எந்த நேரசூசியைப் பார்த்து நாம் பழகுவது? ஆனால் ஊரடங்கு தொடங்குமுன் வீடு போய்ச் சேர்வதில் எங்களைப்போல் நேரம் தவறாதவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பெருமை பேசுவதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் ஒப்பீடுகளும் இதே சோதனையில் தேறுவதில்லை. இலங்கைப் பெண்களுக்கு 1931 இல் வாக்குரிமை கிடைத்தது. சுவிஸ் பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் அது கிடைத்தது 1971 இல். நாற்பது வருட வித்தியாசம். ஆயினும் இங்கே அது பிரித்தானிய ஆட்சியாளர் கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பின் வழியாக மேலிருந்து வந்தது. அங்கே ஆண்கள் வாக்களித்துச் சம்மதிக்கவேண்டியிருந்தது, 1959 இல் மறுத்த அவர்கள் 1971 இல்தான் இணங்கினார்கள். அன்றைய யாழ்ப்பாணத்து ஆண்களிடம் அப்படியொரு வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்று எண்ணிப்பார்க்க எனக்குத் துணிவில்லை. இன்னொன்றும் உண்டு: 1931 தேர்தலையே யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. ஆகையால் எங்கள் பாட்டிமார் அந்த உரிமையை அந்த ஆண்டில் பயன்படுத்தவுமில்லை.

மக்களிடமே கேட்டு அளந்தால் என்ன என்று ஆய்வாளர் முயல்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. "நீங்கள் நேரம் தவறாதவரா?" என்று கேட்டால் ஒருவர் தன்னைத் தன் அயலவரோடு ஒப்பிட்டே விடை சொல்வார். பேர்ணில் இருப்பவர் நிமிடம் தப்பாத அயலவரைப் பார்த்துத் தன்னைக் குறைத்து மதிப்பிடுவார். பத்து மணிக் கூட்டத்துக்குப் பத்தரைக்கே வந்துவிட்ட நம்மவர் பதினொரு மணிக்கு வந்தவரைப் பார்த்துத் தன்னை மெச்சிக்கொள்வார். இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்தால், நம்மவரே நேரம் தவறாதவராகத் தெரிவார்.

புறப்படுவதற்கு முதல் வாரம் மூன்றாம் மாடி அம்மையார் என்னைக் கோப்பி குடிக்க அழைத்தார். மகள் மொழிபெயர்க்க, எங்கள் கிணற்றைப் பற்றியும் முறையைப் பற்றியும் சொன்னேன். முறை தவறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சண்டை பிடிப்போம், பேசாமல் விடுவோம், சிலர் நீதிமன்றம்வரை போவார்கள் என்றேன். அவர் எழுந்து யன்னலோரம் போய், முற்றத்துக்கு அப்பால் எதிர்க் கட்டடத்தில் மேலும் கீழுமாக இருந்த இரண்டு வீடுகளைக் காட்டினார். ஈர உடுப்புக் காயப்போடும் அறையின் முறையில் வந்த பிணக்கினால் அந்த இரண்டு வீட்டாரும் ஆறு வருடமாகப் பேசுவதில்லையாம்.