அக்ஃபா க்ளிக் 3-ஐ எடுத்துக்கொண்டு ஆரியங்காவு வரை

வணக்கம் மக்களே. நான் இப்போது நிற்பது தமிழ்நாடு–கேரள எல்லையில், புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் மலைப்பாதையில். லாரிச் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பது அக்ஃபா க்ளிக் 3. ஒரு காலத்தில் இந்தியாவிலேயே செய்து விற்ற கேமரா. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம். உடம்பு முழுக்க பிளாஸ்டிக், முன்னால் சாதாரண ஒற்றை லென்ஸ். 120 என்கிற அகல ஃபிலிம் ரோல் போட்டால் 12 சதுரப் படம் வரும். திருகிப் பார்க்க இதில் ஒன்றும் இல்லை. ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று, சுமாராக நொடியில் முப்பதில் ஒரு பங்கு. வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என்று இரண்டு அடையாளம், அவ்வளவுதான். ஃபோகஸ் கிடையாது. பத்தடிக்குள் வந்த எதுவும் மங்கல்.

பழைய கேமராவில் எடுத்தால் ஒரு ஃபீல் வரும் என்கிறார்கள். அதற்கு மட்டும் என்றால் போனில் ஒரு ஃபில்டர் போதும், ரோலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது வேறு. இந்தப் பெட்டியால் முடியாத காரியங்களே நான் எதை எடுப்பது என்று தீர்மானித்துவிடுகின்றன.

முகத்துக்குப் பக்கத்தில் போக முடியாது. நடப்பவர், ஓடும் வண்டி எல்லாம் இழுபட்டுவிடும். அப்போது மிச்சம் என்ன? பத்தடி தள்ளி, அசையாமல் இருப்பவை. அப்படித் தேடத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன், இந்த எல்லையில் பாதிப் பேர் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சாவடிப் பக்கம் காய்கறி லாரியை நிறுத்திவிட்டு டயரில் சாய்ந்திருக்கும் டிரைவர் அண்ணன். புனலூர் பஸ்ஸுக்கு நிற்கும் ரப்பர் தோட்டத்து அக்காமார், பாதிப் பேச்சு தமிழ், பாதி மலையாளம். சாரல் விடட்டும் என்று டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கியவர்கள். நல்ல கேமராவோடு வந்த நாட்களில் நான் அருவியும் மலையும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். இவர்கள் அப்போதும் இங்கேதான் நின்றிருப்பார்கள்.

கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தையும் எடுத்தேன். 1904இல் ஓடத் தொடங்கிய கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையில் இருப்பது. அதற்கு மேலே டிரோன் ஏற்றாத யூடியூபரே இல்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நல்ல லென்ஸில் எல்லாக் கண்ணும் ஒரே தெளிவில் விழும், எண்ணிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். இந்த லென்ஸில் நடுவில் மட்டும் தெளிவு. ஓரம் போகப் போகக் கரைந்து இருட்டிவிடும். அதனால் எந்தத் தூணை நடுவில் வைப்பது என்பதே பெரிய யோசனையாகிவிட்டது.

இது வெறும் பொழுதுபோக்குக்காரர்கள் வேலை என்று நினைக்க வேண்டாம். ஹோல்கா என்று ஹாங்காங்கில் 1982இல் வந்த மலிவு பிளாஸ்டிக் கேமரா. பின்மூடி கழன்று விழும் என்று டேப் ஒட்டிக்கொண்டு திரிவார்கள். அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் பர்னெட், 2000ஆம் ஆண்டுத் தேர்தல் பிரச்சாரத்தில் ஜனாதிபதி வேட்பாளர் அல் கோரை அதில்தான் எடுத்தார்.

சரி, எடுத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். வெயில் நாளில் 100 வேக ஃபிலிம் போடுங்கள் (எண் கூடக் கூடக் குறைந்த வெளிச்சமே போதும்). ஆனி, ஆடிச் சாரலில் இந்தக் கணவாய் பகலிலேயே இருட்டிக்கொண்டு வரும், அப்போது 400. நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் தாங்காது. பின்னால் எண் தெரியும் சிவப்பு ஜன்னல் இருக்கிறதல்லவா, அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள். ரோல் சுற்றும்போது மட்டும், அதுவும் நிழலில் நின்று, டேப்பை விலக்கி எண்ணைப் பாருங்கள். அந்தக் காலத்து ஃபிலிம் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது, இப்போது வருவதற்கு உறைக்கும்.

அப்புறம் ஒரு உதவி. தென்காசிப் பக்கம் 120 ரோல் கழுவிக் கொடுக்கும் ஸ்டுடியோ எனக்குக் கிடைக்கவில்லை, சென்னைக்குக் கூரியரில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். திருநெல்வேலியிலோ கொல்லத்திலோ யாராவது செய்கிறார்கள் என்றால் சொல்லுங்கள்.