பறிக்கப்பட்ட மைதானமும் விசிலும்

நண்பர்களே, வணக்கம். நம்மைப் போன்ற உள்ளூர் நடுவர்களுக்கு வாரம் முழுக்க வேறு வேலை, லீவு நாளில்தான் விசில். அதனால் ஒரு தொழிற்சாலையில் பிறந்த கால்பந்து அணியைப் பற்றி இன்று பேசுகிறேன்.

இங்கிலாந்தில் பிரஸ்டன் என்ற ஊர். அங்கே டிராம் வண்டி செய்துகொண்டிருந்த டிக் கெர் தொழிற்சாலை, முதல் உலகப் போர் வந்ததும் பீரங்கிக் குண்டு செய்ய ஆரம்பித்தது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள், பெண்கள் பட்டறைக்கு வந்தார்கள். இடைவேளையில் முற்றத்தில் பந்தை உதைத்துப் பழகியவர்கள், 1917 கிறிஸ்துமஸ் அன்று டீப்டேல் மைதானத்தில் 10,000 பேர் முன்னால் இன்னொரு ஆலை அணியை 4-0 என்று வென்றார்கள். வசூல் முழுக்கக் காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்கு.

போர் முடிந்தும் ஆட்டம் நிற்கவில்லை. 1920 டிசம்பரில் இரவு ஆட்டம் ஒன்று. ராணுவத்திடம் இரவல் வாங்கிய இரண்டு தேடுவிளக்குகள்தான் வெளிச்சம். பந்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! அதற்குச் சுண்ணாம்பு அடித்து, கொஞ்ச நேரத்துக்கொரு தடவை புதிதாக வெள்ளையடித்த பந்தை உள்ளே அனுப்பினார்கள். அந்த நடுவரின் இடத்தில் உங்களை நிறுத்திப் பாருங்கள். விளக்கு கண்ணைக் கூசவைக்கும், ஓரத்தில் இருட்டு, பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று 12,000 பேர் உங்களைப் பார்க்கிறார்கள். அப்படி ஓர் ஆட்டத்தை நடத்த எனக்கு மிகவும் ஆசை.

பத்தே நாளில் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் 53,000 பேர் திரண்டார்கள்.

அப்புறம் வந்தது அடி. 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்கு ஒத்துவராத ஆட்டம் என்று சொல்லி, பெண்களுக்கு மைதானம் தரக் கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் முடிவெடுத்தது. மைதானத்தோடு விடவில்லை. சங்கத்தைச் சேர்ந்தவர்கள் அந்த ஆட்டங்களுக்கு நடுவராகவோ லைன்ஸ்மேனாகவோ நிற்கவும் கூடாது என்றார்கள். எனக்கு நெஞ்சு பொறுக்காத இடம் இதுதான். குண்டு செய்யக் கூப்பிட்ட நாடு, ஆட்டத்துக்கு விசில் ஊத ஆள் தரவில்லை.

அவர்கள் கிடைத்த திடல்களில் ஆடினார்கள். அணி 1965 வரை நிலைத்தது. தடை நீங்க ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆயின. 1920இல் சிறுமியாக அணிக்குள் வந்து, எதிரணி வலையைக் கிழிக்கிற மாதிரி கோல் அடித்த லில்லி பார், அப்போது அறுபதைத் தாண்டிவிட்டிருந்தார்.