கவுன்சிலர் இல்லாத ஐந்து ஆண்டுகள்

(செங்கோட்டையில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையோர் அனைவருக்கும் வணக்கம்.

2016 அக்டோபரில் நம் நகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த மன்றம் 2022 மார்ச் 2ஆம் தேதிதான் பதவியேற்றது. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் செங்கோட்டையில் எந்த வார்டுக்கும் கவுன்சிலர் கிடையாது. தமிழ்நாட்டில் எந்த நகராட்சிக்கும், எந்த மாநகராட்சிக்கும் அப்போது கிடையாது. இதைத்தான் இன்று முதலில் சொல்ல வேண்டும் என்று வந்திருக்கிறேன். எம்.எல்.ஏ. இல்லாமல் ஐந்து வருடம் போயிருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா? கவுன்சிலர் விஷயத்தில் மட்டும் ஊர் பேசாமல் இருந்துவிட்டது. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

நடந்தது இதுதான். 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்து வேட்புமனுவும் வாங்கினார்கள். பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று வழக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பையே ரத்து செய்தது. அப்புறம் மேல்முறையீடு, வார்டு மறுவரையறை, புதிய மாவட்டங்கள், கொரோனா என்று ஒன்று மாற்றி ஒன்று. 2019 டிசம்பரில் பல மாவட்டங்களில் கிராமப்புறத் தேர்தல் நடந்தபோது தென்காசி மாவட்டம் புதிதாகப் பிரிந்திருந்ததால் நம் பக்கத்துக் கிராமங்கள் விடுபட்டன. அவர்களுக்கு 2021 அக்டோபரில்தான் நடந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19. உள்ளாட்சி மன்றத்தின் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்தாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு சொல்கிறது. 74ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இருந்தும் இப்படி ஆனது.

இதே காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? புளியரை தாண்டினால் கேரளம். புனலூரில் நம்மில் பாதிப் பேருக்குச் சொந்தபந்தம் உண்டு, கேட்டுப் பாருங்கள். 2015 நவம்பரில் அவர்களுக்கு உள்ளாட்சித் தேர்தல். 2020இல் கொரோனா உச்சத்தில் இருந்தது. அப்போதும் தள்ளிக்கொண்டே போகவில்லை, டிசம்பரில் மூன்று கட்டமாக முடித்துவிட்டார்கள். தொற்று வந்து வீட்டில் கிடந்தவர்களுக்கு, கவச உடை போட்ட அலுவலர்கள் வாசலுக்கே ஓட்டுச்சீட்டைக் கொண்டுபோனார்கள். மறுபடி 2025 டிசம்பரில் நடத்தினார்கள். அங்கே யார் ஆட்சியில் இருந்தாலும் ஐந்து வருடக் கணக்குத் தவறுவதில்லை.

2020 மார்ச் ஊரடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் பஞ்சாயத்தும் நகராட்சியும் சமூகச் சமையற்கூடம் திறந்தன. வார்டுக்கு ஒரு குழு, அதில் அந்த வார்டு மெம்பர். எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள், எந்த வீட்டில் மருந்து தீர்ந்துவிட்டது, யார் வெளியூரிலிருந்து நேற்று ராத்திரி வந்தார் என்பதெல்லாம் மெம்பருக்குத் தெரியும். அவர் அந்தத் தெருக்காரர். இந்தப் பக்கம் நகராட்சி தனி அலுவலர் கையில் இருந்தது. ஆணையாளரே தனி அலுவலர். ஊழியர்கள் சும்மா இருந்தார்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். தூய்மைப் பணியாளர்கள் அந்த நாட்களில் செய்த வேலைக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது. ஆனால் ஓர் அலுவலகத்துக்கு இருபத்தாறாயிரம் பேரின் வாசலும் எப்படித் தெரியும்? ஆளில்லாத வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டுவதும், ஆளிருந்தும் சாப்பாடில்லாத வீட்டை விட்டுவிடுவதும் அப்படித்தான் நடக்கும். கவுன்சிலர் இல்லை என்பதன் பொருள் எனக்கு அந்த வருடம்தான் முழுதாகப் புரிந்தது.

நமக்கு ஓட்டு ஒன்றும் சும்மா வந்ததில்லை. இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்த ஊர். 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தொடங்கியபோது, நிலவரி கட்டுபவர்களும் வியாபாரிகளும்தான் அதில் பேச முடியும். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது திருவிதாங்கூரில் 1948இல் வந்தது. இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு அது முந்தியது. அப்புறம் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டம். 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. 1956 நவம்பர் 1ஆம் தேதி நாமும் குமரி மாவட்டத்துத் தாலுகாக்களும் இந்தப் பக்கம் வந்தோம். தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் எல்லாம் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. எந்த மாநிலத்தில் இருப்பது என்பதற்கே உயிரைக் கொடுத்தவர்களின் பேரன் பேத்திகள் நாம். அதே நவம்பர் 1ஐத்தான் தமிழ்நாடு அரசு உள்ளாட்சி நாளாக வைத்திருக்கிறது. நகரங்களில் முதல் முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்ததும் 2022இல் அதே தேதியில். கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரத்துக்குப் பகுதி சபை. உங்கள் பகுதியில் அடுத்து எப்போது கூடுகிறது என்று நாளைக்கே கவுன்சிலரிடம் கேளுங்கள்.

சரி, தேர்தலுக்கு வருவோம். 2022இல் பதவியேற்ற மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது. நம் நகராட்சிக்கு 24 வார்டு. சராசரியாக வார்டுக்கு ஆயிரம் பேரைச் சற்றுத் தாண்டும். அதில் குழந்தைகளைக் கழித்து, ஓட்டுப் போட வராதவர்களையும் கழித்துப் பாருங்கள். நாலு முனைப் போட்டி என்றால் 300 ஓட்டு வாங்கியவர் ஜெயித்துவிடலாம். 2022இல் சில ஊர்களில் இரண்டு பேருக்குச் சமமாக ஓட்டு விழுந்து, குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள். அந்த வார்டில் அன்று வெயில் என்று வீட்டில் இருந்துவிட்ட ஒரு குடும்பம் வந்திருந்தால் குலுக்கலுக்கே வேலையில்லை. சட்டமன்றத்துக்குப் போடும்போது உங்கள் ஓட்டு இரண்டு லட்சத்தில் ஒன்று. இங்கே அறுநூறில் ஒன்று.

நிற்பதும் அப்படியொன்றும் எட்டாத காரியமில்லை. வயது 21 ஆகியிருக்க வேண்டும், நகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அந்த வார்டு வாக்காளர் ஒருவர் முன்மொழிய வேண்டும். 2022இல் நகராட்சிக்கு டெபாசிட் 2,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 1,000. நகராட்சிக்குக் கட்ட வேண்டிய வீட்டுத் தீர்வை, தண்ணீர் வரி எல்லாவற்றையும் இப்போதே பாக்கியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். ராஜாஜி சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர். பெரியார் ஈரோடு நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர். தெருக்குழாயும் குப்பையும் அவர்களுக்குச் சின்ன வேலையாகத் தெரியவில்லை.

இங்கே பணத்தைப் பற்றிப் பேசாமல் போனால் நான் பேசியதில் அர்த்தமில்லை. 2022இல் முதல் நிலை, இரண்டாம் நிலை நகராட்சி வேட்பாளருக்குச் செலவு வரம்பு 34,000 ரூபாய். தேர்வு நிலை, சிறப்பு நிலை என்றால் 85,000. இப்போது கணக்குப் போடுங்கள். வார்டில் 800 ஓட்டு இருந்து, ஓட்டுக்கு 500 ரூபாய் கவர் கொடுத்தால் நாலு லட்சம். நகராட்சிக் கவுன்சிலருக்கு 2023இலிருந்து மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம். ஐந்து வருடமும் முழுதாக வாங்கினாலும் மூன்று லட்சம்தான். மீதி ஒரு லட்சமும், அவர் ஐந்து வருடம் கல்யாணம் காதுகுத்துக்கு வைக்கும் மொய்யும் எங்கிருந்து வரும்? உங்கள் வீட்டு வாசலில் போடுகிற வாறுகாலில், அதாவது சாக்கடை வாய்க்காலில் இருந்துதான் வரும். கவரை வாங்கியவர் அப்புறம் அந்த வாறுகால் உடையும்போது யாரிடம் போய்க் கேட்பார்?

வாறுகால் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல கவுன்சிலர் எப்படி இருப்பார் என்று என்னைக் கேட்டால், எம்-புக், அதாவது செய்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகம், அதைக் கேட்கத் தெரிந்தவர் என்பேன். ஒரு வாறுகால் வேலைக்கு முதலில் எஸ்டிமேட் போடுவார்கள்: இத்தனை மீட்டர் நீளம், இத்தனை அகலம், அடித்தளம் இத்தனை கனம், சிமெண்ட் கலவை இன்ன விகிதம். டெண்டர் விட்டு, வேலை நடந்து, பொறியாளர் வந்து அளந்து எம்-புக்கில் எழுதிய பிறகுதான் ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸாகும். எம்-புக்கில் 60 மீட்டர் என்று இருந்தால், தெருவில் டேப்பைப் பிடித்தாலும் 60 இருக்க வேண்டும். மூடிபோட்ட பிறகு அடித்தளத்தின் கனம் யாருக்கும் தெரியாது. அதனால் கான்கிரீட் ஊற்றுகிற அன்றைக்கு அங்கே நிற்க வேண்டும். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம். மன்றக் கூட்டத்துக்கு முன்னால் பொருள் பட்டியலைப் படித்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். பதவியில் இல்லாத நமக்கும் வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப்போட்டு எம்-புக் நகலைக் கேட்கலாம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை, அவர்கள் வீட்டு ஆண்களுக்கும் சேர்த்து. 2016இல் சட்டம் திருத்தி, உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆக்கினார்கள். நம் நகரங்களில் அது நடைமுறைக்கு வந்தது 2022 தேர்தலில்தான். கேரளத்தில் 2010இலேயே வந்துவிட்டது. பெண் கவுன்சிலர் ஜெயித்து வந்த பிறகு, ஆணையாளர் அறைக்குள் கணவர் போவதும், அம்மா வெளியே பெஞ்சில் உட்காருவதும் பல ஊர்களில் நடக்கிறது. அந்த நாற்காலி ஓட்டு வாங்கியவருடையது. குடும்பம் துணைக்கு வரலாம், கையெழுத்துக்கும் பேச்சுக்கும் வரக்கூடாது. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எத்தனை குடம் வரும் என்று ஊரில் யாருக்குத் தெரியும்? மன்றத்தில் குடிநீர் பற்றிப் பொருள் வரும்போது வாய் திறக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். நிற்க நினைக்கிற பெண்கள் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னோடு உட்காருங்கள். வேட்புமனுவில் என்னென்ன நிரப்ப வேண்டும் என்பதை வரிவரியாகப் பார்த்துவிடலாம்.

கடைசியாக நம் எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம். புனலூர், தென்மலைப் பக்கம் ரப்பர் வேலைக்கும் கடை வேலைக்கும் போய்வருகிறவர்கள் இங்கே நிறையப் பேர். அங்கேயும் பட்டியலில் பெயர், இங்கேயும் பட்டியலில் பெயர் என்று சிலர் வைத்திருக்கிறார்கள். அது சட்டப்படி கூடாது. கேரளத்தில் உள்ளாட்சிக்கென்று மாநிலத் தேர்தல் ஆணையம் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதனால் சட்டமன்றப் பட்டியலில் பெயரை எடுத்துவிட்டோம் என்று நினைத்தாலும் அதில் பெயர் நிற்கும். எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். நம் பக்கம் சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். பிரிக்கும்போது ஒரே தெருவில் இந்த வரிசை ஒரு வார்டுக்கும் எதிர் வரிசை இன்னொரு வார்டுக்கும் போய்விடும். சில நேரம் ஒரே வீட்டுக்குள்ளேயே பெயர்கள் பிரிந்துவிடும். ஓட்டுப்போடும் நாள் காலையில் பூத் வாசலில் நின்று அதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. வார்டு பட்டியலை வெளியிட்டதும் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் விரல் வைத்துப் பாருங்கள். இறந்துபோன அப்பா பெயர் இருந்தால் நீக்கச் சொல்லி எழுதிக்கொடுங்கள். 18 முடிந்த பிள்ளைகளின் பெயர் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். எழுதத் தயங்குபவர்களுக்கு, நம் வட்டத்துப் பிள்ளைகள் இந்த மேசையிலேயே உட்கார்ந்து எழுதித் தருவார்கள். வரும்போது அடையாள அட்டையையும் ரேஷன் கார்டையும் எடுத்து வாருங்கள்.