ஊருணிச் செயல்திட்டத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

அடுத்த கேள்வி, காரைக்குடிப் பக்கத்திலிருந்து எட்டாம் வகுப்பு அறிவியல் டீச்சர் ஒருவர் அனுப்பியது. அப்படியே படிக்கிறேன்: "எங்கள் ஊர் ஊருணி பற்றிச் செயல்திட்டம் கொடுத்தேன். 30 பிள்ளைகளும் 'மழைநீரைச் சேமிப்போம், மரம் வளர்ப்போம்' என்றே எழுதியிருக்கிறார்கள். நீடித்த வளர்ச்சிக்கான திறன்களை மதிப்பிடச் சொல்கிறார்கள். இதில் யாருக்கு எத்தனை போடுவது?"

நல்ல கேள்வி டீச்சர். பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. சுவரில் எழுதிப் போட்டிருக்கும் வாசகம் போதும் என்று நம் கேள்வியே சொல்லிவிடுகிறது. நானும் இதில் ஏமாந்தவன்தான். மழைநீர் சேகரிப்புக்கு அழகான தெர்மாகோல் மாதிரி செய்து வந்த பையனுக்கு ஒருமுறை முழு மதிப்பெண் போட்டேன். மறு வாரம் அதே தெர்மாகோல் ஊருணிக் கரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. நான் மதிப்பிட்டது அவன் கைவேலையை. உண்மையைச் சொன்னால், அவன் அப்பாவின் கைவேலையை.

சரி, நீடித்த வளர்ச்சி என்றால் நாளைய தலைமுறைக்கும் மிச்சம் வைத்து வாழ்வது. அதற்கு என்ன திறன் வேண்டும் என்று முதலில் பார்ப்போம். யுனெஸ்கோ 2017இல் எட்டுத் திறன்களைப் பட்டியலிட்டது. ஐரோப்பிய ஆணையம் 2022இல் பன்னிரண்டு சொன்னது. எட்டையும் பன்னிரண்டையும் ஒரு செயல்திட்டத்தில் அளக்கப் போனால் நமக்குத்தான் தலை சுற்றும். மூன்று போதும்: ஒன்றைத் தொட்டால் வேறு எதெல்லாம் அசையும் என்று பார்ப்பது, சொல்வதற்கு ஆதாரம் தேடுவது, இதில் யாருக்கு நட்டம் என்று யோசிப்பது.

இதற்கு நம் ஊரே பாடம். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் கூரைத் தண்ணீர் நாலு பக்கமும் சரிந்து முற்றத்தில் விழும். அண்டா வைத்துப் பிடித்தது போக மிச்சம் வடிகால் வழியாக வெளியேறி ஊருணிப் பக்கம் போகும். பிள்ளைகளை ஒரு நாள் வரத்துக்கால் (ஊருணிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) வழியே நடக்க விடுங்கள். எங்கே மண் மேடிட்டிருக்கிறது, எங்கே யார் கட்டடம் மறிக்கிறது என்று அவர்களே வரையட்டும். அப்புறம் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் எவ்வளவு? 1,000 லிட்டர் என்றால் கணக்கு சரி. "ஓடு கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சம் தெறிக்கும், அவ்வளவும் கிடைக்காது டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அங்கேதான் நீங்கள் பேனாவை எடுக்க வேண்டும்.

அடுத்து, சரியான விடை ஒன்றே ஒன்று என்று சொல்ல முடியாத ஒரு கேள்வி வையுங்கள். நம் மாவட்டத்துக்கு வேலிக்கருவையை, அதாவது சீமைக்கருவேலத்தை விடப் பொருத்தமானது கிடையாது. "கண்மாயில் இருக்கும் கருவையை எல்லாம் வெட்டிவிடலாமா?" வகுப்பே "வெட்டணும்" என்று கத்தும். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன, அந்த வீட்டுப் பிள்ளையே உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். வேரோடு எடுக்காவிட்டால் திரும்பத் துளிர்க்கும், எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்ற கேள்வியும் இருக்கிறது.

மதிப்பெண்ணை இப்படிப் போடலாம். "வெட்டணும், தண்ணியை உறிஞ்சுது" என்று நிறுத்தினால் முதல் படி. "வெட்டினால் கரி போடுகிறவர்களுக்கு வேலை போகும்" என்று இன்னொரு பக்கத்தையும் சொன்னால் இரண்டாம் படி. "முதலில் வரத்துக்காலில் இருப்பதை எடுப்போம், கரி போடுகிறவர்களுக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம், அவர்களிடம் கேட்டுப் பார்த்தேன்" என்றால் மூன்றாம் படி. இந்த மூன்று படியையும் வேலை தொடங்கும் முன்பே கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். எதற்கு மதிப்பெண் என்று தெரிந்தால் பிள்ளைகள் அதை நோக்கித்தான் போவார்கள், அதில் தப்பில்லை.

குழுவாகத்தானே செய்கிறார்கள் என்பீர்கள். வரத்துக்கால் படத்துக்குக் குழு மதிப்பெண் இருக்கட்டும். கருவைக் கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் தனியாக இரண்டு நிமிடம் வாயால் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஆறு பேர் என்றால் 30 பேருக்கு ஐந்து நாள். நன்றாகப் பேசுகிற, ஆனால் எழுத வராத பிள்ளை அன்றைக்குத்தான் உங்கள் கண்ணில் படும்.

ஒன்று மட்டும் வேண்டாம். "வீட்டில் பிளாஸ்டிக் பயன்படுத்துவதில்லை, ஆம் / இல்லை" என்று கேட்டு அதற்கு மதிப்பெண் போடாதீர்கள். எல்லாரும் "ஆம்" என்றுதான் டிக் அடிப்பார்கள். அதோடு, வீட்டில் என்ன வாங்குவது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையா முடிவு செய்கிறது? காசில்லாத வீட்டில் எதையும் குறைவாகத்தான் பயன்படுத்துவார்கள், அது அந்தப் பிள்ளையின் திறனாகிவிடாது.

இப்போது உங்கள் கையில் இருக்கிற 30 நோட்டுக்கு என்ன செய்வது? மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுங்கள். "மழைநீரைச் சேமிப்போம்" என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் மூன்று கேள்வி எழுதுங்கள்: யார் சேமிப்பது? ஊருணிக்குள் தண்ணீர் எந்த வழியாக வரும்? இதனால் யாருக்குச் சிரமம்? அடுத்த வாரம் திரும்பி வருகிற பக்கத்துக்கு மதிப்பெண் போடுங்கள் டீச்சர்.