மூன்று கணவர்கள், ஒரு தலைநகரம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். துருக்கி நாவல்களில் தேசத்தின் முகம் தெரிவது அங்காராவிலா, இஸ்தான்புல்லிலா என்பது தலைப்பு. இஸ்தான்புல் பழைய தலைநகரம், அங்காரா புதிய தலைநகரம். நாங்கள் அங்காரா.

எதிரணிச் சகோதரி பத்து நிமிடம் பேசினார். கைதட்டல் வாங்கித் தந்தது ஒரே ஒரு துணுக்கு. அங்காராவில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று கவிஞர் யஹ்யா கெமாலிடம் கேட்டார்களாம். ‘இஸ்தான்புல்லுக்குத் திரும்பிப் போவது’ என்றாராம். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

சிரித்து முடித்தாயிற்றா? இப்போது நான் கேட்கிறேன். பிடிக்காத ஊருக்கு அந்த மனிதர் எதற்குப் போனார்? நாடாளுமன்ற உறுப்பினராகப் போனார்! அவரை வார்சாவுக்கும் மாட்ரிடுக்கும் தூதராக அனுப்பியது யார்? இஸ்தான்புல்லைத் தொட்டோடும் போஸ்பரஸ் நீரிணையின் கடற்காற்றா? அங்காரா அரசாங்கம்! சம்பளத்துக்கு அங்காரா, சாயங்கால உலாவுக்கு இஸ்தான்புல்! மாமியார் வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ‘இந்த வீட்டில் எனக்குப் பிடித்தது வாசற்படிதான்’ என்று சொல்லும் மாப்பிள்ளையை என்ன செய்வது சகோதரி? அடுத்த தீபாவளிக்கு அழைக்காமல் விடலாம், அவ்வளவுதான் முடியும். அங்காரா அதைக்கூடச் செய்யவில்லை. மறுபடி மறுபடி அழைத்துப் பதவி கொடுத்தது. எந்த ஊருக்குப் பெரிய மனசு என்று நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்!

சரி, நாவலுக்கு வருகிறேன். 1934-ல் யாகூப் கத்ரி எழுதியது. பெயரே ‘அங்காரா’. கதாநாயகி செல்மா, இஸ்தான்புல் பெண். துருக்கியின் விடுதலைப் போர் நடக்கும்போது வங்கி ஊழியரான கணவர் நாஸிஃபோடு அங்காராவுக்கு வந்து, பழைய பேட்டையில் ஒரு வீட்டில் குடியிருக்கிறாள். எதிரிப் படை நெருங்குகிறது. கணவருக்கு உயிர்ப்பயம், மனைவிக்கோ மருத்துவமனையில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை. அந்தக் கல்யாணம் அத்தோடு சரி.

இரண்டாவது கணவர் ஹக்கி. போர்க்களம் கண்ட ராணுவ அதிகாரி. போர் முடிந்தது, சீருடை கழன்றது, ஆளே மாறிவிட்டார். கம்பெனிகளில் பங்கு, புதுநகரில் பங்களா, இரவெல்லாம் நடன விருந்து. செல்மா பார்த்தாள். இவரும் வேண்டாம்.

மூன்றாமவர் நெஷெத் சாபித். தொழில் என்ன? எழுத்தாளர்! உத்தமர், லட்சியவாதி, நாட்டுக்காகவே வாழ்பவர். ஏன்? நாவல் எழுதியவரும் எழுத்தாளர்தானே! வங்கிக்காரர் எழுதியிருந்தால் முதல் கணவரோடே கதை முடிந்திருக்கும்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்கிறார்கள், இன்னொரு தடவை சொல்கிறேன். பயந்தவர் போனார், பணம் சேர்த்தவர் போனார், கனவு கண்டவர் நின்றார். நடுவர் ஏன் நெளிகிறீர்கள்? உங்கள் வீட்டம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார், நானும் பார்த்தேன். செல்மா கணவரை மாற்றவில்லை ஐயா; ஒவ்வொரு கட்டத்திலும் இந்த நாடு யாரோடு வாழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறாள். அந்தத் தேர்வு நடக்கும் இடம் அங்காரா.

மூன்றாம் பாகத்தில் கதை 1943 வரை போகிறது. 1934-ல் உட்கார்ந்துகொண்டு ஒன்பது வருடம் முன்னே பார்த்து எழுதினார் மனிதர். அதே 1934-ல் அவர் நடத்திய ‘கத்ரோ’ இதழ் நின்றது. அவரை அல்பேனியாவின் திரானாவுக்குத் தூதராக அனுப்பிவிட்டார்கள். அங்காராவுக்காகக் கனவு கண்டவருக்கே அங்காராவில் இடமில்லை! எதிரணி வேகவேகமாக எழுதிக்கொள்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். காயப்படுத்தும் ஊரில்தான் கதை பிறக்கும்.

இஸ்தான்புல் நாவல்கள் அழகில்லையா? அழகுதான். தன்பினார் எழுதிய ‘ஹுஸூர்’ படித்தால் போஸ்பரஸ் நீரில் கால் நனைத்ததுபோல் இருக்கும். ஆனால் அது போனதை எண்ணி ஏங்கும் அழகு. 1923 அக்டோபர் 13-ல் தலைநகரமான அங்காராவுக்கு ஏங்க நேரம் ஏது?

இன்னும் நிறைய வைத்திருந்தேன். வாதமெல்லாம் இருக்கட்டும். அய்செலைப் பற்றிச் சொல்லாமல் என்னால் உட்கார முடியாது. அதாலெத் ஆவோலு என்ற பெண் எழுத்தாளர் 1973-ல் வெளியிட்ட நாவலின் நாயகி. 1938, ஒரு சிற்றூர்ப் பள்ளி விழா. ஆசிரியர் சிறுவர்களையும் சிறுமிகளையும் ஜோடி சேர்த்து மேடையில் ஆட விடுகிறார். புதிய துருக்கி இப்படித்தான் இருக்க வேண்டுமாம். பெற்றோர் கூசிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆடிய பிஞ்சுகளில் ஒருத்தி அய்செல்.

அவள் வீட்டோடு போராடிப் படித்தாள், அங்காராவில் பல்கலைக்கழக ஆசிரியையானாள். ஒரு நாள் காலையில் அதே அங்காராவில் ஒரு ஓட்டல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சாவதற்காகப் படுத்துக்கொள்கிறாள். நாடு படி என்றது, படித்தாள். முன்னேறு என்றது, முன்னேறினாள். உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வாய் கேட்டதா? குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிப் படியேறிய அம்மாக்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களை யாராவது கேட்டார்களா?

அவள் சாகவில்லை, நடுவர் அவர்களே! எழுகிறாள், உடுத்திக்கொள்கிறாள், வெளியே வருகிறாள். அவள் இறங்கி நடந்த தெரு அங்காராவின் தெரு. அந்தப் பெண்ணின் முகத்தைவிட்டு வேறெங்கே போய்த் தேசத்தின் முகத்தைத் தேடச் சொல்கிறீர்கள்? அவளுக்காகத் தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.