எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி

அவையோருக்கு வணக்கம்.

புள்ளியின் அருமையைத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ககரத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் உயிர் போய் மெய் மட்டும் நிற்கும். ஓலைச்சுவடிகளில் அந்தப் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டே எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொண்டார். ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள் மேலுள்ள புள்ளி, சாய்கோடு, கூரை எல்லாவற்றையும் அதே கண்ணோடு பார்க்கச் சொல்கிறேன். ஒரு குறியின் வடிவத்தை மட்டும் பார்த்து அதன் வேலையைச் சொல்லிவிட முடியாது. எந்த மொழி என்று முதலில் கேட்க வேண்டும்.

ஜெர்மனில் தொடங்குவோம். ஆங்கிலத்தில் ஏ, ஓ, யூ என்று பெயர் சொல்லும் மூன்று எழுத்துகள் மேல் அங்கே இரண்டு புள்ளிகள் வரும். இதற்கு உம்லவுட் என்று பெயர். தொடக்கத்தில் இவை புள்ளிகளாக இல்லை. எழுத்தின் தலைமேல், ஆங்கிலத்தில் 'ஈ' என்று பெயர் சொல்லும் எழுத்தைச் சிறியதாக எழுதினார்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில் அந்த 'ஈ' பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு கீற்றுகளாகத்தான் தெரியும். கீற்றுகள் தேய்ந்து தேய்ந்து புள்ளியாகிவிட்டன.

ஒலி எப்படி வரும்? 'ஈ' என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், 'ஊ'வுக்குக் குவிப்பது போல உதட்டைக் குவியுங்கள். அதுதான் புள்ளி வைத்த 'யூ'. 'ஏ' என்று சொல்லிக்கொண்டே 'ஓ'வுக்குக் குவித்தால் புள்ளி வைத்த 'ஓ'. நம்மவர் செய்யும் பிழை உதட்டோடு நாக்கையும் பின்னுக்கு இழுத்துவிடுவது. அப்படிச் செய்தால் பழைய 'ஊ'வே வந்து நிற்கும், பொருளும் மாறிவிடும். 'முட்டர்' என்றால் தாய். அதே சொல்லில் 'யூ'வின் மேல் புள்ளி வைத்தால் தாய்மார். 'ட்ருக்கன்' அச்சிடுவது, புள்ளி வைத்தால் அழுத்துவது. கணினித் திரையில் இரண்டுக்கும் பொத்தான் உண்டு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒலிமாற்றம் ஆங்கிலத்திலும் நடந்திருக்கிறது. ஃபுட் ஃபீட் ஆவதும் மவுஸ் மைஸ் ஆவதும் அதன் தடங்கள்தான். பின்னால் இருந்த ஓர் இகரம் முன்னிருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்தது. பிறகு அந்த இகரம் உதிர்ந்துபோனது. ஆங்கிலம் எழுத்தையே மாற்றி எழுதிவிட்டது, ஜெர்மன் தலையில் குறி வைத்தது.

விசைப்பலகையில் இந்த எழுத்து இல்லாவிட்டால் ஜெர்மனில் ஒரு வழி உண்டு: புள்ளியை எடுத்துவிட்டுப் பக்கத்தில் 'ஈ' சேர்ப்பது. புள்ளி வைத்து முல்லர் என்று பெயர் கொண்டவரின் கடவுச்சீட்டில், அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் 'யூ', 'ஈ' என்று இரண்டு எழுத்தாகவே விரியும். ஆனால் திரும்பிப் போக வழியில்லை. கவிஞர் கோத்தேயின் பெயரில் 'ஓ', 'ஈ' இரண்டும் இயல்பாகவே உள்ளவை. 'ஓஈ' வந்த இடத்தையெல்லாம் புள்ளியாக மாற்றும் நிரல் அவர் பெயரைக் கெடுத்துவிடும்.

இதே வழியை ஸ்வீடனுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே புள்ளி வைத்த 'ஏ'யும் 'ஓ'வும் தனி எழுத்துகள். 29 எழுத்து நெடுங்கணக்கில் 28ஆவதும் 29ஆவதும் அவைதான். புள்ளி வைத்த 'ஓ' தனியாக நின்றாலே 'தீவு' என்று பொருள். அந்த எழுத்தில் தொடங்கும் பெயரை 'ஓ' வரிசையில் தேடினால் கிடைக்காது, இஸட்டுக்கும் பின்னால் போக வேண்டும். ஜெர்மன் அகராதியிலோ புள்ளி உள்ளதும் இல்லாததும் ஒரே வரிசையில் கலந்து வரும். ஆட்பெயர்ப் பட்டியலில் மட்டும் 'ஈ' சேர்ந்ததாகக் கணக்கு வைத்து அடுக்கும் முறையும் உண்டு. ஒரே நாட்டுக்குள் இரண்டு வரிசை!

பிரெஞ்சுக்கு வந்தால் அதே இரண்டு புள்ளிக்கு வேறு உத்தியோகம்: பக்கத்து உயிரோடு என்னைச் சேர்த்துப் படிக்காதே என்று சொல்வது. கிறிஸ்துமஸைக் குறிக்கும் 'நொயேல்' இரண்டு அசையாக ஒலிப்பது அதனால்தான். பிரெஞ்சில் எனக்குப் பிடித்தது, எழுத்தின் தலையில் கூரை போல நிற்கும் கூரைக்குறி. பல சொற்களில் அது உதிர்ந்துபோன எஸ் எழுத்தின் நடுகல். மருத்துவமனைக்கான 'ஓப்பித்தால்' என்ற சொல்லில் கூரைக்கு அடியில் புதைந்துகிடக்கும் எஸ், நம் 'ஆஸ்பத்திரி'யில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1990இல் வந்த எழுத்துத் திருத்தம் 'ஐ', 'யூ' மேலுள்ள கூரையைப் பெரும்பாலான சொற்களில் விட்டுவிடலாம் என்றது. பழைய வடிவத்தையும் தவறென்று சொல்லவில்லை.

ஹங்கேரியனில் இரண்டு புள்ளி குறில், இரண்டு சாய்கோடு நெடில். நமக்கு உடனே புரியும். கணினியின் பழைய மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுப்புகளில் அந்தச் சாய்கோட்டு 'ஓ' கிடையாது; அலைக்கோடு போட்ட 'ஓ'வை வைத்து ஒப்பேற்றினார்கள். அந்தத் தவறு அச்சிலும் ஏறியது.

கணினியில் நேரும் இரண்டு கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, புள்ளி வைத்த 'யூ' இருக்க வேண்டிய இடத்தில் அலைக்கோடு போட்ட பெரிய 'ஏ'யும் கால் பின்னக் குறியும் வந்து உட்காருவது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுத் தொகுப்பு யுனிகோடு; அதைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அந்த எழுத்துக்கு 2 பைட்டு. பழைய ஒரு பைட்டு முறையில் திறந்தால் இரண்டு குப்பை எழுத்தாகத் தெரியும். அப்படியே சேமித்து மறுபடி மாற்றினால் நான்காகும். குப்பையைத் தேடித் தேடித் திருத்துவது வீண்வேலை. கோப்பை எந்த இடத்தில் தவறான முறையில் திறந்தார்கள் என்று பாருங்கள்.

இரண்டாவது, கண்ணுக்கே தெரியாதது. புள்ளி வைத்த 'யூ'வை ஒரே குறியாகவும் எழுதலாம், 'யூ'வுக்குப் பின் தனிப் புள்ளிக்குறி சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. தமிழில் 'கொ' எழுத்துக்கும் இதே தொல்லை உண்டு: ஒகரக் குறி ஒன்றாகவும் வரலாம், கொம்பும் காலுமாகவும் வரலாம். தேடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யுனிகோடு இயல்பாக்கம் இதற்கென்றே இருக்கிறது.

நம் சொற்களை ரோமன் எழுத்தில் பெயர்க்கும் ஆய்வாளர்களும் இந்தக் குறிகளை நம்பித்தான் இருக்கிறார்கள். நெடிலுக்கு மேல்கோடு, ழகரத்துக்கு எல் எழுத்தின் கீழே கோடு, ளகரத்துக்குக் கீழே புள்ளி. அச்சுக்கோப்பவர் இவற்றை உதறிவிட்டால் வலை, வாலை, வாழை, வாளை நான்கும் ஒரே சொல்லாகிவிடும்.